உப்பைத் தாங்கும் டிஸ்பர்சன்ட்: எவ்வளவு உப்பை?

பேரலின் மேல் "உப்பைத் தாங்கும்" என்று ஒட்டியிருக்கும். எத்தனை சதவீத உப்பு, எந்தச் சூட்டில், எந்தச் சிமென்டோடு என்பது மட்டும் எழுதியிருக்காது. எண்ணெய்க் கிணற்றுச் சிமென்டை இளக்கி ஓடவிடும் டிஸ்பர்சன்ட் விஷயத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒட்டுச் சீட்டில்தான் தொடங்குகிறது. கடலூர் சிப்காட் பக்கம் ரசாயனம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் இதைக் கட்டடக் கான்கிரீட்டில் கலக்கும் அட்மிக்சரின் ஒன்றுவிட்ட தம்பி என்றே நினைக்கிறார்கள். மூலப்பொருள் ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு.

கிணறு துளைத்து இரும்புக் குழாயை, அதாவது கேசிங்கை, இறக்கியதும் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் இடுக்கைச் சிமென்ட் ஸ்லரியால், அதாவது சிமென்டும் தண்ணீரும் கலந்த குழம்பால், நிரப்ப வேண்டும். ஸ்லரி குழாய் வழியே அடிவரை போய், வெளிப்புறமாக மேலே ஏறி வர வேண்டும். கெட்டியாக இருந்தால் பம்ப் அழுத்தம் ஏறும், பலவீனமான பாறை வெடிக்கும், துளைக்கும்போது விட்ட பழைய சேறு மூலையில் தங்கிவிடும். ஓட்டம் எளிதாவதற்குத்தான் டிஸ்பர்சன்ட். இதில் உப்பு ஏன் வருகிறது? உப்புப் பாறை அடுக்கைத் தாண்டும் கிணற்றில் நல்ல தண்ணீரில் கலந்த ஸ்லரியை விட்டால் அது பாறையையே கரைத்துக்கொண்டு போகும். கரைந்த இடத்தில் சிமென்ட் பிடிக்காது. அதனால் கலவைத் தண்ணீரிலேயே உப்பைப் போட்டுவிடுகிறார்கள். பிரேசில் கடலடி, மெக்சிகோ வளைகுடா, நம் நாட்டில் ராஜஸ்தானின் ஹன்சேரன் உப்பு அடுக்கு எல்லாம் இந்த ரகம்.

நம் காவிரிப் படுகையில் அப்படிப் பெரிய உப்பு அடுக்கு கிடையாது. அந்தப் படுகையின் கிரெட்டேசியஸ் காலத்து அடுக்கு ஒன்றுக்கு நம்ம புவனகிரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அதிலும் மணலும் களிமண் கல்லும்தான். இங்கே உப்பு வேறு வழியில் வருகிறது. ஊதும் களிமண் கல்லுக்காக 3 முதல் 5 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு, அல்லது பிஒய்-1, பிஒய்-3 மாதிரியான கடலடி எண்ணெய், எரிவாயு வயல்களில் எளிதாகக் கிடைக்கும் கடல் தண்ணீரிலேயே கலப்பது. கடல் நீரில் உப்பு 3.5 சதவீதம் சொச்சம்தான். ஆனால் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. அந்த மக்னீசியத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது சில்லறைத் தொல்லை இல்லை.

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். சந்தையில் அதிகம் புழங்குவது எஸ்.என்.எஃப்., அதாவது நாஃப்தலீன் சல்ஃபோனேட் ஃபார்மால்டிஹைடு. சிமென்ட் துகள் மேல் இது ஒட்டிக்கொண்டு மைனஸ் மின்னேற்றம் தருகிறது. ஒரே ஏற்றம் உள்ள துகள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, கட்டி உடைகிறது, ஸ்லரி ஓடுகிறது. இந்தத் தள்ளலின் எட்டம் கரைசலில் எவ்வளவு அயனி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லிட்டருக்கு 0.1 மோல் உப்பில் ஏறத்தாழ 1 நானோமீட்டர். 1 மோலில் 0.3 நானோமீட்டர். தண்ணீர் எடையில் 5 சதவீதம் உப்பு போட்டாலே கிட்டத்தட்ட அங்கே வந்துவிடுகிறோம். இதற்கு மேல் உப்பு கரையாது என்ற முழுச் செறிவில் 6 மோலைத் தொடும்போது மின் தள்ளலை நம்பிப் பயனில்லை. கூடவே பாலிமர் சங்கிலியும் சுருண்டு பந்தாகிவிடும். ஒரு பகுதி கரைசலை விட்டே வெளியே வரும். அதனால்தான் நல்ல தண்ணீரில் சிமென்ட் எடையில் 0.5 முதல் 1.5 சதவீதத்தில் முடிகிற எஸ்.என்.எஃப். வேலை, உப்பு ஸ்லரியில் 4 சதவீதம் வரை கேட்கிறது. காசு மட்டும் பிரச்சினை இல்லை. அவ்வளவு போட்டால் கெட்டியாகும் நேரமும் ஃப்ளூயிட் லாஸும் (ஸ்லரியிலிருந்து தண்ணீர் பாறைக்குள் கசிவது) இழுத்துக்கொண்டு எங்கோ போய் நிற்கும்.

மாற்றாக வருவது எஸ்.ஏ.எஃப்., அதாவது சல்ஃபோனேட்டட் அசிட்டோன் ஃபார்மால்டிஹைடு. அசிட்டோன், ஃபார்மால்டிஹைடு, சோடியம் சல்ஃபைட் மூன்றையும் காரத்தில் சேர்த்துச் செய்வது. நாஃப்தலீன் வளையம் இல்லாத நேர்ச்சங்கிலி. அதில் சல்ஃபோனேட்டோடு ஹைட்ராக்சில், கார்பொனைல் எல்லாம் நெருக்கமாகத் தொங்குகின்றன. அதனால் தண்ணீரை விட மனசில்லாமல் பிடித்துக்கொள்ளும், உப்புக் கரைசலிலிருந்து சுலபத்தில் வெளியேறாது. சூட்டையும் தாங்கும். கெட்டியாகும் நேரத்தைப் பெரிதாக நீட்டாது. நிறம் மட்டும் இரத்தச் சிவப்பு. தரை, கை, சட்டை எதில் பட்டாலும் தெரியும். கட்டடக்காரர்கள் இதை ஒதுக்குவதற்கு அது ஒரு காரணம். கிணற்றுக்குள் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொரு டிஸ்பர்சன்ட் ரகமான பாலிகார்பாக்சிலேட்டைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அது மின் தள்ளலை நம்பாமல், சீப்புப் பல் மாதிரியான பக்கச் சங்கிலிகளை நீட்டித் துகளைத் தள்ளி வைக்கிறது. கேட்கும்போது உப்புக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கச் சங்கிலி பாலிஎத்திலீன் ஆக்சைடு. உப்பும் சூடும் சேர்ந்தால் அது கலங்கிப் பிரியும். போதாததற்கு அதன் கார்பாக்சில் குழுக்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சிமென்டைத் தூங்க வைக்கும். மிதமான உப்பிலும் மிதமான சூட்டிலும் சில ரகங்கள் நன்றாக ஓடும். முழு உப்பு, 90 டிகிரி என்றால் சோதிக்காமல் தொடக்கூடாது.

பழைய கை ஒன்று உண்டு: சிட்ரிக் அமிலம். மளிகைக் கடை எலுமிச்சை உப்பேதான். முழு உப்பு ஸ்லரியில் அழகாக இளக்கும். ஆனால் அது சிமென்ட் கெட்டியாவதைத் தாமதப்படுத்தும் பலமான ரிடார்டரும்கூட. ஆழம் குறைந்த, சூடு குறைந்த கிணற்றில் உப்பே ஏற்கெனவே தாமதப்படுத்தியிருக்கும்; அதன் மேல் இதையும் போட்டால் மறுநாளும் சிமென்ட் களியாகவே கிடக்கும்.

இனி சோதனை. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் தராசில்.

உப்பைத் தண்ணீர் எடையில் சொல்கிறோம், மற்ற எல்லாவற்றையும் சிமென்ட் எடையில் சொல்கிறோம். 36 சதவீதம் உப்பு, அதாவது முழுச் செறிவு, என்றதும் சிமென்ட் எடையில் 36 சதவீதத்தை நிறுத்துப் போட்டால், ஜாடியின் அடியில் கரையாத உப்பு மணலாகக் கிடக்கும். அப்போது மானியில் பார்ப்பது டிஸ்பர்சன்டின் குணம் இல்லை, உப்பு மணலின் குணம்.

எண்ணெய்க் கிணற்றுக்கான கிளாஸ் ஜி சிமென்டுக்கு ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) அளவு: 792 கிராம் சிமென்ட், 349 கிராம் தண்ணீர், 600 மி.லி. ஸ்லரி, அடர்த்தி 1.90. இதையே முழு உப்பில் செய்ய 734 கிராம் சிமென்ட், 323 கிராம் தண்ணீர், 116 கிராம் உப்பு. அடர்த்தி 1.95ஐத் தாண்டும். இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. உப்பின் அடர்த்தி 2.16 என்று 116ஐ வகுத்தால் 54 மி.லி. வரும். ஆனால் கரைந்த உப்பு அவ்வளவு இடம் பிடிப்பதில்லை, 44 மி.லி. மட்டுமே கூடும். 54 என்று போட்டுக் கணக்கிட்டவர் 1.92 வரும் என்று எழுதிக் கொடுப்பார். களத்தில் மானி 1.95 காட்டும். "கனமாக இருக்கிறது" என்று தண்ணீரைத் திறந்து விடுவார்கள். அதோடு மேலே தண்ணீர் பிரியும், பலம் குறையும், பழி டிஸ்பர்சன்ட் மேல் விழும்.

டிஸ்பர்சன்ட் திரவமாக வந்தால் இன்னொரு கணக்கு. 35 சதவீதத் திடப்பொருள் உள்ள எஸ்.ஏ.எஃப். என்று வைத்துக்கொள்ளுங்கள். 734 கிராம் சிமென்டுக்கு 1 சதவீதம் திடம் என்றால் 7.3 கிராம், திரவமாக 21 கிராம். அதில் 13.6 கிராம் தண்ணீர். ஆகவே ஜாடியில் ஊற்ற வேண்டிய தண்ணீர் 323 அல்ல, 309 கிராம் சொச்சம். உப்பின் அளவு மட்டும் மொத்தத் தண்ணீரான 323க்குத்தான். இதைக் கழிக்காமல் விட்டால் டிஸ்பர்சன்ட் அளவைக் கூட்டக் கூட்ட ஸ்லரி இளகும். மருந்தால் இளகியதா, தண்ணீரால் இளகியதா என்று யாராலும் சொல்ல முடியாது. திடப்பொருளைச் சப்ளையர் சீட்டில் பார்த்து எடுக்காதீர்கள். சில கிராமைத் தட்டில் ஊற்றி 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை காய வைத்து நீங்களே பாருங்கள்.

கலக்கும் வரிசை: தண்ணீர், பிறகு நுரையை அடக்கும் டீஃபோமரில் பாதி, பிறகு உப்பு. உப்பு முழுக்கக் கரைந்து தண்ணீர் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு டிஸ்பர்சன்ட், ஃப்ளூயிட் லாஸ் பொருள், ரிடார்டர், மீதி டீஃபோமர். உப்புத் தண்ணீர் நுரைப்பதற்கென்றே பிறந்தது. டீஃபோமர் முழுவதையும் கடைசியில் போட்டால் உள்ளே அடைந்த காற்று வெளியே வராது. சாதாரணத் தராசுக் கிண்ணத்தில் அடர்த்தி குறைவாகக் காட்டும், நீங்கள் ஏமாறுவீர்கள். அழுத்தம் கொடுத்து அளக்கும் மட் பேலன்ஸ்தான் இதற்குச் சரி.

பிறகு மிக்ஸர்: 4,000 சுற்றில் 15 நொடிக்குள் சிமென்ட் முழுவதும் உள்ளே போக வேண்டும், அடுத்து 12,000 சுற்றில் 35 நொடி. 15 நொடியில் சிமென்ட் இறங்கவில்லையென்றால் கூடுதலாகச் சில நொடி எடுத்துக்கொண்டு, எவ்வளவு எடுத்தது என்று குறித்து வையுங்கள். அந்த எண் ஒரு வாரம் கழித்து உதவும்.

கலந்தவுடனே ஓட்டத்தை அளக்கும் விஸ்காமீட்டரில் வைத்துப் படிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்லரியைச் சூடாக்கிச் சுழற்றும் அட்மாஸ்ஃபெரிக் கன்சிஸ்டோமீட்டரில் 150 சுற்றில் 20 நிமிடம், கிணற்றுச் சூட்டில் ஓட்டிய பிறகே படிக்க வேண்டும். உப்பில் தோற்கிற பொருள் பெரும்பாலும் முதல் நிமிடத்தில் தோற்காது. முதலில் தண்ணீர் மாதிரி ஓடும், இருபதாவது நிமிடம் தயிராக நிற்கும். 3 சுற்றிலிருந்து தொடங்கி 6, 30, 60, 100, 200, 300 என்று ஏறி, அப்படியே இறங்குங்கள். ஒவ்வொன்றிலும் 10 நொடி. ஏறும்போது வந்த எண்ணை இறங்கும்போது வந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1ஐ ஒட்டி இருந்தால் ஸ்லரி நிலையாக இருக்கிறது. 1க்கு மேலே போனால் அடியில் படிகிறது. 1க்குக் கீழே போனால் இறுகிக்கொண்டிருக்கிறது. 300க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்தை 1.5 ஆல் பெருக்கினால் பிளாஸ்டிக் விஸ்காசிட்டி. அதை 300 எண்ணிலிருந்து கழித்தால் யீல்டு பாயிண்ட், அதாவது ஸ்லரி ஓடத் தொடங்கத் தேவையான தள்ளல். யீல்டு பாயிண்ட் பூஜ்யத்தை நெருங்கினாலோ மைனசுக்குப் போனாலோ மகிழ வேண்டாம், அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். துகளைத் தாங்கிப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. 250 மி.லி. உருளையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். சாய்ந்த கிணறாக இருந்தால் உருளையையும் 45 டிகிரி சாய்த்து வைத்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது ஒளிந்திருந்தது அப்போது தெரியும்.

இப்போது முக்கியமான இடம். ஒரே உப்பு அளவில் ஒரு சோதனை செய்து "தாங்குகிறது" என்று எழுதக் கூடாது. 0, 5, 10, 18, 25, 36 என்று படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் டிஸ்பர்சன்ட் போடாத வெறும் உப்பு ஸ்லரி ஒன்றையும் கலந்து படிக்க வேண்டும். காரணம், உப்பே ஓரளவு இளக்கும் பொருள். 18 சதவீத உப்பு ஸ்லரி நன்றாக ஓடுகிறது என்று மருந்துக்கு மாலை போட்டுவிடுவோம், வெறும் உப்பே அதில் பாதியைச் செய்திருக்கும். வெறும் ஸ்லரியைக் காட்டாத எந்த உப்பு ரிப்போர்ட்டையும் நான் பாதி ரிப்போர்ட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். சோடியம் குளோரைடு 10 சதவீதம் வரை சிமென்டை விரைவுபடுத்தும், 18க்கு மேல் தாமதப்படுத்தும், நடுவில் இரண்டும் கெட்டான். ஆகவே கெட்டியாகும் நேரமும் ஒவ்வொரு படியிலும் வேறாகவே வரும். 5 சதவீதத்தில் ஸ்லரி சீக்கிரம் தடித்தால், டிஸ்பர்சன்ட் தோற்றதா, உப்பு அவசரப்படுத்தியதா என்பதை வெறும் உப்பு ஸ்லரிதான் பிரித்துச் சொல்லும்.

எந்தச் சிமென்டில் சோதிக்கிறீர்கள் என்பதும் கேள்வி. அரியலூர்ப் பக்கத்து ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்) மூட்டை கையருகே கிடைக்கிறது என்று அதிலேயே பார்த்துவிடுகிறார்கள். சல்ஃபேட் நன்கு தாங்கும் கிளாஸ் ஜியில் சி3ஏ (டிரைகால்சியம் அலுமினேட்) 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஓ.பி.சி.யில் அதைவிட நிறையவே இருக்கும். சி3ஏ டிஸ்பர்சன்டை விழுங்கும், குளோரைடையும் பிடித்துக் கட்டிக்கொள்ளும். ஓ.பி.சி.யில் தோற்ற சரக்கு கிளாஸ் ஜியில் தேறலாம். அங்கே தேவைப்பட்ட அளவை அப்படியே கிளாஸ் ஜியில் போட்டால் அளவு மீறிப் படிந்துபோகலாம்.

உப்பு எங்கிருந்து வருகிறது? மரக்காணம் உப்பளத்து உப்பைச் சாக்கில் வாங்கி வந்து "உப்பு உப்புதானே" என்று போடுவார்கள். கழுவாத கல்லுப்பில், உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரின் மிச்சம் ஒட்டியிருக்கும், அது மக்னீசியம். சிமென்ட் தண்ணீரின் பி.எச். 12க்கு மேல். அதில் மக்னீசியம் நிமிடத்தில் ஹைட்ராக்சைடு களியாக இறங்கும். ஸ்லரி தடிக்கும், டிஸ்பர்சன்ட் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார்கள். சோதித்துப் பார்ப்பது எளிது. அந்த உப்பின் செறிந்த கரைசலை வடிகட்டித் தெளிய வைத்து, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விடுங்கள். வெள்ளையாகக் கலங்கி, பஞ்சாக இறங்கினால் ஸ்லரிக்கு ஆகாது. கடல் நீரில் கலக்கும்போதும் இதே கதைதான், அங்கே மக்னீசியத்தைக் கழுவ வழியில்லை. டிஸ்பர்சன்ட் அளவைக் கடல் நீரிலேயே சோதித்து வைக்க வேண்டும். 3.5 சதவீதம் சோடியம் குளோரைடைக் கரைத்துவிட்டு அதைக் கடல் நீர் என்று சொல்லக் கூடாது. கடலோரத்து போர் தண்ணீரும் நம்பத்தக்கதல்ல. வெள்ளி நைட்ரேட் டைட்ரேஷன் ஒன்று போட்டுக் குளோரைடு பார்த்துவிட்டுத்தான் "நல்ல தண்ணீர்" என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.

சிமென்டைத் தொடும் முன்பே பல சரக்குகளைக் கழித்துக் கட்ட ஒரு பாட்டில் சோதனை போதும். செறிந்த உப்புக் கரைசல் 100 மி.லி., அதில் திடக் கணக்கில் 2 கிராம் டிஸ்பர்சன்ட், ஒரு சிட்டிகை சுண்ணாம்பு. மூடி, ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் 90 டிகிரித் தண்ணீரில் பாட்டிலை வைத்துப் பாருங்கள். அடியில் சுண்ணாம்பு மட்டும் கிடந்தால் சரி. கலங்கல், மிதக்கும் பிசின், நிறம் கீழே இறங்குவது என்றால் அந்தப் பொருள் ஸ்லரியில் அதிசயம் செய்யப் போவதில்லை.

கூட்டாளிகளையும் பார்க்க வேண்டும். பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) வகை ஃப்ளூயிட் லாஸ் பொருள் அதிக உப்பில் கைவிட்டுவிடும், அதற்கு டிஸ்பர்சன்ட் பொறுப்பல்ல. ஏ.எம்.பி.எஸ். என்ற சல்ஃபோனேட் மூலப்பொருளில் செய்த பாலிமர் உப்பைத் தாங்கும். ஆனால் அதுவும் டிஸ்பர்சன்டும் ஒரே சிமென்ட் பரப்பில் இடம் பிடிக்கப் போட்டி போடும். ஓட்டத்துக்காக டிஸ்பர்சன்டை ஏற்றினால் ஃப்ளூயிட் லாஸ் கெடலாம். இரண்டையும் சேர்த்து வைத்து, 1,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 30 நிமிட ஃப்ளூயிட் லாஸ் சோதனை செய்யாமல் அளவை முடிவு செய்யாதீர்கள். 30 நிமிடத்துக்கு முன்பே காற்று பிய்த்துக்கொண்டு வந்தால், அதுவரை வடிந்த தண்ணீரின் அளவை 2 ஆலும் 5.477 ஆலும் பெருக்கி, நிமிடத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கணக்கு வரும்.

எஸ்.ஏ.எஃப். தயாரிக்கும் பக்கம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம். அசிட்டோன் 1 மோலுக்கு ஃபார்மால்டிஹைடு 2 மோலை ஒட்டியும், சல்ஃபைட் 0.5 மோலை ஒட்டியும் வைத்து வேலை தொடங்குவார்கள். சல்ஃபைட் குறைந்தால் சங்கிலி வளர்ந்துகொண்டே போய் உலையிலேயே களியாகும், அல்லது உப்பில் பிரியும். கூடினால் மூலக்கூறு குட்டையாகிப் பிடிப்பு இல்லாமல் போகும். ஃபார்மால்டிஹைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இந்த வினை சூட்டைக் கக்கும். அவசரப்பட்டால் 56 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோன் கண்டென்சரைத் தாண்டி வெளியே வரும். அக்னி நட்சத்திரக் காலத்தில் கூலிங் டவர் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் நிற்கும்போது அந்தக் கண்டென்சரை நம்ப முடியாது, குளிர்வித்த தண்ணீர் வேண்டும். அசிட்டோன் ஆவி எரியும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தருவது. முடிந்த சரக்கின் பி.எச். 12ஐத் தாண்டும், தோலைத் தின்னும். அசிட்டோன் முழுவதும் இணைந்த பிறகே சூட்டை 90க்கு மேலே ஏற்றிச் சில மணி நேரம் நிறுத்த வேண்டும். மீந்த ஃபார்மால்டிஹைடு எவ்வளவு என்று மூக்கால் பார்க்காதீர்கள், டைட்ரேஷனால் பாருங்கள்.

சேமிப்பில் இரண்டு விஷயம். எஸ்.என்.எஃப். திரவத்தில் மிச்ச சோடியம் சல்ஃபேட் இருக்கும். மலிவு ரகத்தில் நிறைய. வெயில் காலத்தில் கரைந்தே இருக்கும். மார்கழி ராத்திரியில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது பேரல் அடியில் கல் கல்லாகப் படிகம் விழும். மேலிருந்து மாதிரி எடுத்தால் ஒரு திடப்பொருள், அடியிலிருந்து எடுத்தால் வேறொன்று. வெதுவெதுப்பாக்கிச் சுற்றவிட்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும். பொடியாக வாங்கியிருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் மூட்டை கல்லாகும். உள் உறை கிழியாமல், தரையில் படாமல், மரப் பலகை மேல் அடுக்க வேண்டும்.

எஸ்.என்.எஃப். ஓடிய பம்பிலும் டேங்கிலும் பாலிகார்பாக்சிலேட்டைக் கழுவாமல் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஸ்லரி ஓட்டம் கெட்டு இறுகும், சில நேரம் பைப்பிலேயே களியாகி நிற்கும். டேங்கை நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, கடைசிக் கழுவல் தண்ணீர் நிறமில்லாமல் வருகிறதா என்று கண்ணாடிக் கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்.